தண்ணி டேங்க்கை எதுக்கு சார் படம் எடுக்கணும்?

வணக்கம் சார். கோயில், அரண்மனை, பெரிய பாலம்னு வரைஞ்சா எனக்குப் புரியுது. ஆனா சும்மா ஒரு கடை வரிசை, தண்ணி டேங்க், இதையெல்லாம் மியூசியத்துல மாட்டி வெச்சிருக்காங்களே, அதுல பாக்க என்ன இருக்கு? கிண்டலா கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். பொதுவா பேசினா பிடிபடாது, ஒரு படத்த எடுத்துக்குவோம். அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1930-ல வரைஞ்ச ‘எர்லி சண்டே மார்னிங்’ (ஞாயித்துக்கிழமை அதிகாலை). நியூயார்க் தெரு, கீழ கடைங்க, மேல ஒரே ஒரு மாடி, காலை வெயில் சாஞ்சு விழுது, நடைபாதையில சலூனுக்கு அடையாளமா வெக்கிற கோடு போட்ட கம்பமும் தீயணைப்புக் குழாயும் நிக்குது, ஆள் நடமாட்டமே கிடையாது. கடை போர்டுல எழுத்து மாதிரி என்னமோ தெரியும், படிக்க முடியாது. இப்ப மாடி ஜன்னலுங்களப் பாருங்க. கட்டினவங்க எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் வெச்சிருக்காங்க, ஆனா ஒண்ணுல மஞ்சள் திரை பாதிக்கு இறங்கியிருக்கு, இன்னொண்ணுல வெள்ளைத் துணி, வேற ஒண்ணு உள்ள ஒரே இருட்டு. யாரு குடியிருக்காங்கன்னு தெரியாது, ஆனா ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுடுது. ஹாப்பர் முதல்ல ஒரு ஜன்னல்ல ஆள வரைஞ்சுட்டு அப்புறம் மேல பெயின்ட் பூசி மறைச்சுட்டாரு. ரொம்ப நல்ல முடிவு அது, ஆள் இருந்தா நம்ம கண்ணு நேரா அங்கதான் போயிருக்கும், திரைய எவன் பாப்பான்?

தண்ணி டேங்க்னதும் நீங்க பாத்தது பேர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதியோட போட்டோவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஜெர்மனிக்காரங்க, 1959-லேருந்து சேர்ந்து படம் எடுத்தவங்க. பேர்ண்ட் ஆரம்பத்துல சுரங்கக் கட்டடங்களக் கையால வரைஞ்சுக்கிட்டுத்தான் இருந்தாரு, அவர் வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள அதுங்கள இடிச்சுக்கிட்டே வந்தாங்க, அதனாலதான் கேமராவுக்கு மாறினாரு. மேகம் மூடின நாளாப் பாத்துத்தான் எடுப்பாங்க, வெயிலடிச்சா நிழல் விழுந்து உருவத்தக் கெடுத்துடும்னு. ஒரே கோணம், டேங்க் நட்டநடுவுல, பின்னாடி வெறும் சாம்பல் வானம், அப்படி எடுத்தத வரிசை வரிசையா அடுக்கி மாட்டுவாங்க. தனியா ஒரு படத்தப் பாத்தா ஒண்ணுமில்லதான், நீங்க கேக்குறது நியாயம். வரிசையாப் பாக்கும்போதுதான் ஒண்ணு தொப்பி போட்ட மாதிரியும் இன்னொண்ணு ஒத்தைக் கால்ல பந்து மாதிரியும் நிக்கிறது கண்ணுல படும், எல்லாத்துக்கும் வேலை ஒண்ணுதான், தண்ணிய உயரத்துல வெக்கணும், அவ்வளவுதான், அதுக்குள்ள எத்தனை எத்தனை யோசனை! 1990-ல வெனிஸ் பியெனாலேங்கிற பெரிய கலைக் கண்காட்சியில அவங்களுக்குத் தங்கச் சிங்கம் விருது குடுத்தாங்க, எதுக்குன்னா சிற்பத்துக்கு, போட்டோவுக்கு இல்ல.

எட் ருஷேன்னு ஒரு அமெரிக்கக் கலைஞர் 1966-ல லாஸ் ஏஞ்சல்ஸ் சன்செட் ஸ்ட்ரிப் தெருவோட ரெண்டு பக்கத்தையும் ஒரு கட்டடம் விடாம போட்டோ எடுத்து, கதவு நம்பரோட, பிரிச்சா கிட்டத்தட்ட 25 அடி நீளம் வர்ற மடிப்புப் புத்தகமாவே போட்டாரு. எனக்கு ஹாப்பர் அளவுக்கு அது ஒட்டல, ஆனா காலி மனையக்கூட ஒதுக்காம சேர்த்த அந்த நேர்மை பிடிக்கும். நீங்க பெக்கர்கள்லேருந்து ஆரம்பிங்க, ஒவ்வொரு படமாப் பாக்காம ஒரு வரிசைய முழுசா கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, அப்புறமும் ஒண்ணும் தோணலன்னா தயங்காம எழுதுங்க.