வங்கி மோசடியிலிருந்து வாடிக்கையாளரைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் காப்பாற்றுமா?

களுவாஞ்சிக்குடியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். காசைப் பறிகொடுத்தவர்கள் பலர் வங்கிக்குப் போவதற்கு முன் என் மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: காப்பாற்றும், காசு போவதற்கு முன் குறுக்கே வந்து பேசினால்.

அட்டைப் பரிவர்த்தனைகளைக் கணினி கண்காணிப்பது பழைய சங்கதி. 1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் கடனட்டைகளுக்கு இது வந்துவிட்டது. நேற்று வரை மட்டக்களப்பில் பாவித்த அட்டை இன்றிரவு வேறு நாட்டில் பாவிக்கப்பட்டால் அந்தக் கணினி விழித்துக்கொள்ளும். ஆனால் எங்கள் பக்கம் நடக்கும் மோசடிகளில் இரகசிய இலக்கத்தை அட்டைக்காரரே வாயால் சொல்லிவிடுகிறார். ஆகவே கணினியின் பார்வையில் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருக்கும்.

ஓர் அக்கா தன் தையல் இயந்திரத்தை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தார். உடனே ஒருவன் அழைத்தான். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. (பேரம் பேசாமல் பழைய பொருள் வாங்குகிறவனை அந்த இடத்திலேயே சந்தேகித்திருக்க வேண்டும்.) "இப்போதே காசு போடுகிறேன் அக்கா, அட்டையில் உள்ள இலக்கங்களைச் சொல்லுங்கள்" என்றான். பிறகு, "உறுதிப்படுத்த ஓர் இலக்கம் வரும், அதையும் சொல்லுங்கள்" என்றான். வந்த குறுந்தகவலில் இதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றுதான் இருந்தது, ஆங்கிலத்தில். அக்காவின் கண்ணுக்குப் பட்டது இலக்கம் மட்டும். அவரது அட்டையை அவன் தன் கட்டணச் செயலியில் இணைத்துவிட்டான்.

இலக்கத்தை அழித்துவிட்டு அதே குறுந்தகவலை என் தொலைபேசியில் உள்ள உதவியாளரிடம் கொடுத்து, இது என்ன என்று தமிழில் கேட்டேன். 'உங்கள் அட்டையை யாரோ ஒரு செயலியில் சேர்க்க முயல்கிறார்கள், அது நீங்கள் இல்லையென்றால் இந்த இலக்கத்தைச் சொல்லாதீர்கள்' என்று பதில் வந்தது. அக்கா அதை வாசித்துவிட்டு, "வங்கிக்காரர் ஏன் தம்பி இப்படி எழுதி அனுப்புவதில்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழில் விளக்கம் சொல்லக்கூடிய கருவி என் கடையிலேயே இருக்கும்போது வங்கியிடம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

2015இல் இலங்கையில் வந்த செஃப்ட்ஸ் (CEFTS) என்ற மின்னணுப் பணப் பரிமாற்ற முறையால் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு நொடிகளில் போய்ச் சேர்கிறது. எங்களுக்கு உள்ள அந்த வசதி கள்ளனுக்கும் இருக்கிறது. ஆகவே புதிய கணக்கொன்றுக்குப் பெரிய தொகை போகும்போது வங்கிச் செயலியிலுள்ள உதவியாளர் வாய்திறந்து தமிழில் கேட்க வேண்டும்: "இந்த ஆளை நேரில் தெரியுமா? இப்போது யாராவது தொலைபேசியில் இருந்துகொண்டு உங்களை அனுப்பச் சொல்கிறார்களா?" பதில் சரியில்லை என்றால் தொகையைச் சில மணி நேரம் பிடித்து வைக்க வேண்டும். சிங்கப்பூரில் 2021 டிசம்பரை ஒட்டிப் போலிக் குறுந்தகவல்களால் ஒரே வங்கியின் 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 இலட்சம் சிங்கப்பூர் டொலரை இழந்தார்கள். அதன்பின் வங்கிக் குறுந்தகவல்களில் இணைப்புகள் நிறுத்தப்பட்டன. புதிய தொலைபேசியில் வங்கிப் பரிவர்த்தனைகளை உறுதிப்படுத்தும் பாதுகாப்புக் குறியீட்டை இயக்க 12 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. அவசரப்படுத்துவதுதான் மோசடிக்காரனின் முழு மூலதனம் என்பது அவர்களுக்கு விளங்கியிருக்கிறது.

பிரித்தானியாவில் ஒரு தொலைபேசி நிறுவனம் 2024 நவம்பரில் டெய்சி என்ற செயற்கைப் பாட்டியை அறிமுகப்படுத்தியது. மோசடிக்காரர்கள் அழைத்தால் பூனைக்கதை, பின்னல்கதை பேசி அவர்களின் நேரத்தை விழுங்குவது அவருடைய தொழில். வெற்றிலையை இடித்துக்கொண்டே "ஆர் மகன் பேசுறது?" என்று அரை மணி நேரம் கேட்கும் ஒரு மட்டக்களப்பு அம்மம்மாவையும் யாராவது செய்து விட்டால் நான் காசு கொடுத்துக் கேட்பேன்.

வாட்ஸ்அப்பில் வங்கியின் இலச்சினையோடு வந்து தானே உதவியாளர் என்று சொல்வதை நம்பாதீர்கள். உண்மையான உதவியாளருக்கும் அட்டை இலக்கம், கடவுச்சொல், குறுந்தகவலில் வந்த இலக்கம் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். சொல்லிவிட்டீர்கள் என்றால், அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து உடனே அட்டையை நிறுத்துங்கள். பிறகு கிளையில் எழுத்து மூலம் முறைப்பாடு கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள், பொலிஸிலும் பதியுங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935க்கு அழைக்கலாம். அப்போது அந்த முத்திரையிட்ட பிரதி கையில் இருக்கட்டும்.