ஃபெலோஷிப் முடிகிறது, தீசிஸ் முடியவில்லை: ஜெர்மனிக்குப் போகவா, கம்பெனிக்குப் போகவா?

கேள்வி: எனக்கு 31 வயது. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் உயிரியலில் பிஎச்டி செய்கிறேன். எஸ்ஆர்எஃப் (பிஎச்டியின் பின்பகுதிக்கான ஆராய்ச்சி உதவித்தொகை) மாதம் 42,000 ரூபாய் வருகிறது. விடுதியில் இருப்பதால் வாடகைப்படி இல்லை. விடுதி, மெஸ், மற்ற செலவு எல்லாம் சேர்த்து 14,000 ஆகிறது. வீட்டுக்கு 12,000 அனுப்புகிறேன். உறவினர் ஒருவர் சேர்த்துவிட்ட எண்டோமென்ட் பாலிசிக்கு (சேமிப்போடு கூடிய ஆயுள் காப்பீடு) வருடம் 30,000 கட்டுகிறேன்; நான்கு வருடம் கட்டியாகிவிட்டது. நகைக்கடைச் சீட்டு மாதம் 5,000, அது அடுத்த மாதம் முடிகிறது. மிச்சம் எல்லாம் வங்கியில், இப்போது 2.60 லட்சம் இருக்கிறது.

ஐந்து வருட ஃபெலோஷிப் இன்னும் ஐந்து மாதத்தில் நின்றுவிடும். தீசிஸ் எழுதி முடிக்க அதற்கு மேலும் நான்கு மாதமாவது வேண்டும். ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஆக வரச் சொல்கிறார். இங்கே ஒரு மருந்துக் கம்பெனி, வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்ததும் 65,000 சம்பளத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை இருக்கிறது. அம்மாவுக்கு 57. தம்பி சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறான். கூடப் படித்தவர்கள் வீடே வாங்கிவிட்டார்கள், எனக்கு பிஎஃப் கணக்குகூட இல்லை. ஊருக்குப் போனால் “இன்னும் படிச்சிட்டுதான் இருக்கியாம்மா?” என்கிறார்கள். ஜெர்மனி போக பெர்சனல் லோன் வாங்கலாமா? எனக்கு ரொம்பத் தாமதமாகிவிட்டதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஜெர்மனியா கம்பெனியா என்று கேட்கிறீர்கள். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் நடுவில் வருமானமே இல்லாத ஒரு காலம் வரப்போகிறது. ஃபெலோஷிப் நின்ற பிறகு தீசிஸுக்கு நான்கு மாதம். அதைச் சமர்ப்பித்த பிறகு தேர்வாளர்களின் அறிக்கை, வைவா, தற்காலிகச் சான்றிதழ், விசா என்று இன்னொரு நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, எட்டு மாதம். ஆராய்ச்சியாளர்கள் என்னிடம் வரும்போது “எந்த ஃபண்டில் எஸ்ஐபி போடலாம்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் பலருக்கும் முதலில் தேவைப்படுவது இந்த இடைவெளிக்கான பணம். அறிவியலில் வருமானம் துண்டு துண்டாகத்தான் வருகிறது. பிஎச்டியின் தொடக்கத்தில் வரும் ஜேஆர்எஃப் ஒரு துண்டு, பிறகு வரும் எஸ்ஆர்எஃப் ஒரு துண்டு, போஸ்ட்டாக் இன்னொன்று. துண்டுகளுக்கு நடுவில் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

தாமதமாகிவிட்டதா என்று கேட்டீர்கள். நீங்கள் சேர்ந்த காலத்தில் ஜேஆர்எஃப் 31,000 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்துதான் அது 37,000 ஆனது, எஸ்ஆர்எஃப் 42,000 ஆனது. அந்தத் தொகையும் சில நேரம் மாதக்கணக்கில் வராமல் இருந்து பிறகு மொத்தமாக வரும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருமானத்தில் 2.60 லட்சம் சேர்த்திருக்கிறீர்கள். வீட்டுக்கு மாதம் 12,000 வீதம் ஐந்து வருடமும் அனுப்பியிருந்தால் அதுவே 7.20 லட்சம். உங்கள் வயதுக்கு நீங்கள் ஒன்றுமே சேர்க்கவில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தப் பணம் உங்கள் பெயரில் இல்லை, உங்கள் வீட்டில் இருக்கிறது. பிஎஃப் இல்லாததற்கும் காரணம் உங்கள் கவனக்குறைவு அல்ல. ஃபெலோஷிப் சட்டப்படி சம்பளம் ஆகாது. அதனால் பிஎஃப் பிடித்தமும் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் அமெரிக்காவில் இயற்பியலில் பிஎச்டி முடித்தார். முடித்த கையோடு, கல்யாணமாகி வீட்டில் கைக்குழந்தையும் இருந்த நிலையில், சான் டியாகோவில் உயிரியல் படிக்க மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். 2009-ல் நோபல் பரிசு வாங்கியதை வைத்து இதைச் சொல்லவில்லை. போஸ்ட்டாக் முடித்த பிறகு அவருக்குப் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை என்பதுதான் உங்களுக்குத் தேவையான தகவல். ஆய்வகங்களில் விஞ்ஞானியாகச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1983 முதல் 1995 வரை ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்தார். பேராசிரியர் ஆகாவிட்டால் எல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டு பணத் திட்டம் போடாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஜெர்மனி போவதாகவே வைத்துப் பார்க்கலாம், அதில்தான் செலவு அதிகம். எட்டு மாதத்துக்கு உங்கள் சொந்தச் செலவு 1.12 லட்சம். வீட்டுக்கு அனுப்புவதையும் சேர்த்தால் 2.08 லட்சம். டிக்கெட், விசா, குளிருக்குத் துணிமணி எல்லாம் சுமார் 80,000. அங்கே போனதும் பெரிதாக இடிப்பது வீட்டு முன்பணம். ஜெர்மன் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணமாகக் கேட்கலாம். 500 யூரோ வாடகை, யூரோவுக்குச் சுமார் 100 ரூபாய் என்று வைத்தால் அதற்கே 1.50 லட்சம். முதல் மாத வாடகை, சாப்பாடு, பஸ் பாஸ் எல்லாம் அதற்கு மேல் ஒரு லட்சம் ஆகும், ஏனென்றால் முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். மொத்தம் 5.38 லட்சம். உங்களிடம் அது இல்லை. அதனால்தான் பெர்சனல் லோன் ஞாபகம் வந்திருக்கிறது.

லோன் வேண்டாம். ஃபார்ம் 16 என்ற சம்பள வரிச் சான்று இல்லாத உங்களுக்கு வங்கி எளிதில் தராது, தருகிறவர்கள் வட்டியைத் தீட்டிவிடுவார்கள். அதோடு, சம்பளம் ஆரம்பிக்கும் முன்பே தவணை ஆரம்பித்துவிடும். செலவைக் குறைக்க இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் அறை. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கு உதவ ஒரு தனி அலுவலகமே இருக்கும். முதல் சில மாதங்களுக்கு அவர்கள் மூலம் அறை கிடைத்தால் முன்பணம் பெரும்பாலும் வெகுவாகக் குறையும். முன்பணமும் முதல் மாதச் செலவும் சேர்ந்து 1.40 லட்சத்துக்குள் முடித்துவிடலாம். இரண்டாவது வழி உங்கள் தம்பி. அந்த எட்டு மாதம் வீட்டுக்கான 12,000-ஐ அவர் ஏற்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் உங்களுக்குத் தேவை 3.32 லட்சம்.

இப்போது கையில் 2.60. பாலிசியை நிறுத்தி, சீட்டு முடிந்ததும் புதிதாகச் சேராமல் இருந்தால் ஐந்து மாதத்தில் இன்னும் 75,000 சேரும். ஆக 3.35 லட்சம். இழுத்துப் பிடித்தால் சரியாக வரும். ஆனால் எதிர்பாராத செலவுக்கு இடமே இல்லை. எனவே உங்கள் கைடிடம் இன்றே பேசுங்கள். ஏதாவது ப்ராஜெக்டில் மூன்று மாதத்துக்கு ஒரு பதவி இருந்தால்கூட மூச்சு விடலாம். ஃபெலோஷிப் முடிந்த பிறகும் விடுதியில் இருக்க முடியுமா என்பதையும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அதைக் கேட்காமல் விட்டு, கடைசி நேரத்தில் வெளியே அறை தேடுகிறவர்கள் உண்டு. அப்படியும் துண்டு விழுந்தால் வீட்டில் இருக்கும் நகையை வைத்து வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள், பெர்சனல் லோனைவிட வட்டி குறைவு. இந்த 3.35 லட்சத்தை எஃப்டியிலோ ஆர்டியிலோ வையுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் இந்தப் பணம் போகவே கூடாது.

அடுத்து, ஜெர்மனியில் எந்த வடிவத்தில் பணம் தருகிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. முடிவு முழுக்க அதில்தான் இருக்கிறது. போஸ்ட்டாக் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று வேலை ஒப்பந்தம், பெரும்பாலும் ஈ13 என்ற அரசு ஊதிய நிலையில். பிடித்தம் போகச் சுமார் 2,800 யூரோ கைக்கு வரும். மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பிடித்தத்திலேயே அடங்கிவிடும். சிக்கனமாக இருந்தால் மாதம் 1,000 யூரோ மிச்சம் பிடிக்கலாம், ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். இன்னொன்று ஸ்டைபெண்ட். பார்க்கத் தொகை அழகாக இருக்கும். ஆனால் மருத்துவக் காப்பீட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், ஓய்வூதியத்தில் எதுவும் சேராது. ஒப்பந்தம் இரண்டு வருடமாவது இருந்தால் பண விஷயத்தில் ஜெர்மனி உங்களுக்கு நஷ்டமே இல்லை, 65,000 சம்பளத்தில் சேர்ப்பதைவிட அதிகமாகவே சேர்ப்பீர்கள். ஒரே வருட ஸ்டைபெண்ட், நீட்டிப்பு பற்றிப் பேச்சே இல்லை என்றால், நான் கம்பெனி வேலையைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஒப்பந்தத்தில் போனால் உங்கள் ஓய்வூதியக் காப்பீட்டு எண் உள்ள கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ஐந்து வருடத்துக்குக் குறைவாகக் கட்டிவிட்டுத் திரும்பினால், 24 மாதம் கழித்து உங்கள் பங்கைத் திரும்பக் கேட்க வழி உண்டு. பலர் அந்தக் காகிதத்தைத் தொலைத்துவிட்டு அலைகிறார்கள்.

கம்பெனி வேலையிலும் கேட்க வேண்டியவை உண்டு. 65,000 என்பது கைக்கு வருவதா, சிடிசியா (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவா)? குழு மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரும் சேர்வார்களா? அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கும் உங்கள் வீட்டுக்கு, அது சம்பளத்தில் சில ஆயிரம் கூடுவதைவிடப் பெரிய விஷயம். அங்கே போனால் பெரும்பாலும் முதல் மாதமே பிஎஃப் ஆரம்பிக்கும். ஆனால் கம்பெனியிலிருந்து ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் திரும்புவது கஷ்டம். போஸ்ட்டாக்கிலிருந்து கம்பெனிக்கு வருவது அவ்வளவு கஷ்டமில்லை. இந்தியாவிலேயே போஸ்ட்டாக் என்றால் ஆர்ஏ (ரிசர்ச் அசோசியேட்) தொகை 58,000-ல் தொடங்குகிறது, வாடகைப்படி தனி. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 57,700, ஐஐடிகளில் முதல் நிலை உதவிப் பேராசிரியருக்கு 1,01,500. பல நிறுவனங்கள் 35 வயதுக்குள் இருப்பவர்களை விரும்புகின்றன. பெண்களுக்குத் தளர்வு தரும் இடங்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப் இருக்கிறது. ஆகவே ஜெர்மனிக்குப் போனால் மூன்றாவது வருடம் தொடங்கும்போதே விண்ணப்பங்களை ஆரம்பித்துவிடுங்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு இன்னொரு போஸ்ட்டாக் என்றால் அதைத் தனியாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும், தானாக நடந்துவிடக் கூடாது.

கிளம்பும் முன் ஒரு வேலை கட்டாயம். வங்கியிலோ தபால் நிலையத்திலோ 500 ரூபாய் போட்டு ஒரு பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்குங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் ஆன பிறகு புதிதாகத் தொடங்க முடியாது. ஏற்கெனவே உள்ள கணக்கை முதிர்வு வரை தொடரலாம். 15 வருடக் கடிகாரம் இப்போதே ஓட ஆரம்பிக்கட்டும். போன பிறகு சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) ஆக மாற்றுங்கள். வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்யுங்கள். கல்விக்கான உதவித்தொகைக்கு வரி விலக்கு இருப்பதால் கட்ட வேண்டியது எதுவும் இருக்காது. ஆனால் சம்பளச் சீட்டே இல்லாத உங்களுக்கு அது ஒரு வருமானச் சான்று. நாளைக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது உதவும்.

அந்த எண்டோமென்ட் பாலிசி உங்கள் வருமானத்துக்குப் பொருந்தாதது. அடுத்த தவணை கட்ட வேண்டாம். சரண்டர் செய்தால் (இப்போதே முடித்துப் பணம் வாங்கினால்) எவ்வளவு, பெய்ட்-அப் ஆக விட்டால் (இனி கட்டாமல் முதிர்வு வரை வைத்திருந்தால்) முதிர்வில் எவ்வளவு என்று கிளை அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். இடைவெளிக்குப் பணம் போதும் என்றால் பெய்ட்-அப் ஆக விடலாம், போதாவிட்டால் சரண்டர். உறவினர் வருத்தப்படுவார். படட்டும்.

அதே 30,000 அளவில் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீட்டைப் பாருங்கள்; ஆனால் இந்தச் செலவு மேலே போட்ட 3.35 லட்சக் கணக்கில் சேரவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். இன்று எடுத்தால் அப்பாவுக்கு 66 வயதில் சர்க்கரை தொடர்பான சிகிச்சைக்கும் பாதுகாப்பு வந்துவிடும். சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 1.20 லட்சத்துக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

தம்பியிடம் பேசுவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றுகிறது. கணிதமேதை ராமானுஜன் 1919 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்கு அறிவித்த ஆண்டுக்கு 250 பவுண்டில் 50 பவுண்டைப் பெற்றோருக்குக் கொடுத்துவிடச் சொன்னார்; தன் செலவு போக மீதியை ஏழை மாணவர்களின் படிப்புக்கு ஒதுக்கச் சொன்னார். பெற்றோருக்கு என்று அவர் குறித்தது ஐந்தில் ஒரு பங்கு. நீங்கள் கொடுப்பது கால் பங்குக்கும் மேல். அதைக் குறையுங்கள் என்று சொல்லவில்லை. எவ்வளவு, எதுவரை என்று வீட்டில் பேசி வையுங்கள். “எட்டு மாதம் நீ பார்த்துக்கொள், ஜெர்மனியில் இரண்டாவது சம்பளத்திலிருந்து நான் மறுபடி அனுப்புகிறேன்” என்று தேதியோடு சொன்னால் தம்பிக்கும் பாரம் தெரியாது.

இந்த வாரமே அந்தப் பேராசிரியருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். வேலை ஒப்பந்தமா, ஸ்டைபெண்டா? எத்தனை மாதத்துக்கு இப்போது நிதி உறுதியாக இருக்கிறது? வைவா தள்ளிப்போனால் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா, அல்லது சமர்ப்பித்த சான்றிதழோடு சேரலாமா? விருந்தினர் விடுதியில் அறைக்கு யாரிடம் எழுத வேண்டும், பயணச் செலவுக்கு ஏதாவது தருவார்களா? பணத்தைப் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். அங்கே இது எல்லோரும் கேட்கிற கேள்விதான். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், கம்பெனிக்கு என்ன சொல்வது என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.