கனடாவில் ஊருக்கு ஊர் ‘கர்லிங் கிளப்’ இருக்கிறதாமே, அது என்ன?

பனிக்கட்டித் தரையில் கிட்டத்தட்ட 20 கிலோ கிரானைட் கல்லைத் தள்ளிவிட்டு, எதிர்முனை வட்டத்தின் நடுவில் நிறுத்தப் பார்க்கிற ஆட்டம்தான் கர்லிங். ஒருவர் கல்லைத் தள்ளிவிட, இரண்டு பேர் அதற்கு முன்னால் பிரஷ்ஷால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே போவார்கள். தேய்த்தால் உராய்வு குறையும், கல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

ஆரம்பம் ஸ்காட்லாந்து. குளிர்காலத்தில் குளம் உறைந்துவிடும், வயலில் வேலை இருக்காது, சரி கல்லை எடு என்று ஊரே கிளம்பிவிடும். அங்கிருந்து குடியேறியவர்கள் கனடாவுக்கும் கொண்டுபோக, மான்ட்ரியலில் 1807-லேயே கிளப் வந்துவிட்டது.

வியாசர்பாடி பக்கம் கேரம் கிளப் பார்த்திருப்பீர்கள்: தலைக்கு மேலே ஒரு பல்பு, போர்டில் பவுடர், ஆடுகிறவர் நாலு பேர், சுற்றி நின்று யோசனை சொல்கிறவர் பத்துப் பேர். கிட்டத்தட்ட அதேதான், குளிர் மட்டும் கூடுதல். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே மேஜையில் உட்காருவார்கள், ஜெயித்தவர்கள்தான் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும் (எனக்கு ஆட்டத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது). கிளப் ஆட்டத்தில் பெரும்பாலும் அம்பயர் கிடையாது, ஓடுகிற கல்லில் தன் பிரஷ் பட்டால் தானே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், கிளப் என்றதும் கோட்டு சூட்டு, வருஷக்கணக்கில் காத்திருப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளும் ரிட்டயர் ஆன தாத்தாக்களும் ஆடுவார்கள், குனிய முடியாதவர்கள் நீளக் கோலால் கல்லைத் தள்ளுவார்கள்.