ஒரு நொடிக் கணக்கில் துடிப்பு சிக்காது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி ஒருவரின் கேள்வி: "ப்ராஜெக்டுக்காக 4யூ 1728-34 என்ற நியூட்ரான் விண்மீனை (வெடித்த விண்மீனின் அடர்ந்த மிச்சம்) இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்வெளி ஆய்வகம் எடுத்த தரவை எடுத்தேன். அதன் லேக்ஸ்பிசி என்ற எக்ஸ் கதிர் கருவி, 2016 மார்ச். 1 நொடி டைம் பின் (எண்ணிக்கையைக் கூட்டும் நேரத் துண்டு) வைத்து லைட் கர்வ் (நேரத்தோடு ஒளி மாறும் வரைபடம்) போட்டால் வெறும் இரைச்சல்தான். நொடிக்கு 800 முறைக்கு மேல் துடிக்கிறது என்கிறார்களே, என் தரவு பழுதா?"

பழுதெல்லாம் இல்லை. சில்வர் பீச்சில் இருட்டிய பிறகு போனில் நைட் மோடு போட்டு அலையை எடுத்துப் பாருங்கள், அலையே இருக்காது, கரையோரம் புகை படிந்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டைதான் இருக்கும். எடுக்கிற நேரத்துக்குள் வந்துபோன அலையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிட்டது. உங்கள் 1 நொடியில் 800 துடிப்புகள் அப்படித்தான் கரைந்தன.

இந்தத் துடிப்பு, விண்மீனை நெருங்கிச் சுற்றும் வாயுவிலிருந்து வருவதாகக் கருதுகிறார்கள். சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையுள்ள நியூட்ரான் விண்மீனை, மையத்திலிருந்து 15 கிலோமீட்டரில் வாயு சுற்றினால் நொடிக்குச் சுமார் 1200 சுற்று வரும். அந்த வேகத்தைப் பிடிக்கத்தான் நான் டைம் பின்னை 1/4096 நொடி வைப்பேன். ஆனால் போட்டு முடித்த லைட் கர்வை மேலும் வெட்ட முடியாது, ஈவென்ட் ஃபைலுக்கே திரும்பிப் போக வேண்டும். அதில் ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரம் 10 மைக்ரோநொடித் துல்லியத்தில் இருக்கிறது.

சரி, அப்படி வெட்டினாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பல பின்கள் காலியாகவே கிடக்கும். அதனால் 16 நொடித் துண்டுகளாகப் பிரித்து (பூமி மறைக்கும் இடைவெளி எந்தத் துண்டிலும் வரக் கூடாது) ஒவ்வொன்றுக்கும் பவர் ஸ்பெக்ட்ரம் (எந்த வேகத் துடிப்பு எவ்வளவு வலு என்று காட்டும் வரைபடம்) போட்டுச் சராசரி எடுங்கள். ஸ்டிங்ரே என்ற இலவச பைத்தான் தொகுப்பு போதும். தனித் துண்டில் இரைச்சலின் ஏற்ற இறக்கம் இரைச்சல் அளவுக்கே இருக்கும். 64 துண்டு, அதாவது 1024 நொடி சேர்த்தால் அது எட்டில் ஒரு பங்காகிவிடும், துடிப்பு இருக்கும் இடத்தில் மேடு எழும்பும். ஸ்பெக்ட்ரத்தை அளவிடும் லீஹி முறையில் இரைச்சல் மட்டம் 2 என்று படித்திருப்பீர்கள், டெட் டைமால் (ஒரு ஃபோட்டானைப் பதிந்ததும் கருவி கண்மூடும் சிறு நேரம்) அது கொஞ்சம் இறங்கும், 2 என்று கட்டிப்போடாதீர்கள்.

ஆசைப்பட்டு மொத்தத் தரவையும் ஒரேயடியாகச் சராசரி எடுத்துவிடாதீர்கள். இந்தத் துடிப்பு நிலையாக நிற்காது, இதே தரவில் சுமார் 815 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 815 முறை) 850 வரை நகர்ந்திருக்கிறது, எல்லாம் சேர்ந்தால் மேடு பரந்து தேய்ந்துவிடும். சில நூறு நொடிக்கு ஒரு ஸ்பெக்ட்ரம் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள், நகர்வு தெரியும். அப்புறம் கடைசிப் பக்கம் ஒரு எக்ஸ் கதிர் வெடிப்பு வரும், அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாக 1 நொடித் துண்டுகளாக்கி 363 ஹெர்ட்ஸ் பக்கம் தேடுங்கள். அது விண்மீன் தன்னைத்தானே சுற்றும் வேகம்.