தோல் மேலே மிதக்கிற மார்மலேட்டைப் போட்டிக்கு அனுப்பலாமா?

ஜப்பானின் எஹிமே மாகாணத்தில் வசிக்கும் வாசகி கேட்கிறார்: "பக்கத்து வீட்டு நாட்சுமிகான் (புளிப்பான ஜப்பானிய ஆரஞ்சு வகை) பழத்தில் மார்மலேட் (தோலோடு சர்க்கரையில் காய்ச்சும் பழப்பாகு) செய்தேன். சுவை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தோலெல்லாம் மேலே ஏறிக்கொண்டது, கீழே வெறும் ஜெல்லி. யாவதஹாமா ஊரில் நடக்கும் மார்மலேட் போட்டிக்கு அனுப்பலாமா?"

இந்த பாட்டிலை அனுப்ப வேண்டாம், இன்னொரு ஈடு காய்ச்சுங்கள். இங்கிலாந்தின் டேல்மெயின் மாளிகையில் நடக்கும் மார்மலேட் போட்டியின் ஜப்பான் பதிப்புதான் 2019 முதல் உங்கள் ஊர்ப்பக்கம் நடக்கிறது. இந்த மாதிரிப் போட்டிகளில் ஸ்பூன் வாய்க்குப் போவதற்கு முன்பே பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிடுவார்கள். தோல் மேலிருந்து கீழ்வரை சமமாக நிற்க வேண்டும், நுரையும் கலங்கலும் கூடாது.

மிதந்ததற்குக் காரணம் அவசரம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பாகு தண்ணீராக இருக்கும், தோல் மேலே வரத்தான் செய்யும். அடுப்பை அணைத்து, நுரையை எடுத்துவிட்டு, 10, 15 நிமிடம் விடுங்கள், மேலே லேசாக ஆடை படியும்போது மெதுவாகக் கிளறி ஊற்றுங்கள். ஆனால் சூடு 85 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது, பிறகு கெட்டுப்போகும்.

அடுத்தது தோல். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சர்க்கரை விழுந்த பிறகு எத்தனை நேரம் கொதித்தாலும் தோல் மேற்கொண்டு வேகாது, ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதனால் சர்க்கரை போடுமுன் ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள், நசுங்க வேண்டும். நாட்சுமிகானுக்குக் கசப்பு அதிகம், நாரிங்கின் என்ற பொருள் தருவது. கொதிக்கவைத்து நீரை இறுப்பதை ஒன்றிரண்டு முறையோடு நிறுத்துங்கள். நாலைந்து முறை செய்தால் கசப்போடு பழத்தின் வாசனையும் போய்விடும். கசப்பே இல்லாத மார்மலேட் என்னைக் கேட்டால் வெறும் ஜாம்தான்.

பதத்துக்கு 104, 105 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுங்கள், பாலாடை மாதிரி சுருங்கினால் சரி. விதைகளைத் தூக்கிப் போடாமல் துணியில் முடிந்து கூடவே வேகவிடுங்கள், இறுகவைக்கும் பெக்டின் அதில் நிறைய இருக்கிறது. உன்ஷு மிகானில் (இனிப்பான ஜப்பானிய மாண்டரின் ஆரஞ்சு) செய்வதென்றால் விதையும் கிடையாது, புளிப்பும் குறைவு, எலுமிச்சை சேர்க்காமல் முடியாது.

அப்புறம், அந்த மிதக்கிற பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்கே கொடுத்துவிட்டு இன்னும் நாலு பழம் கேட்டு வாங்குங்கள். ரொட்டியில் தடவினால் யாருக்குத் தெரியப்போகிறது?