மஞ்சள் விளக்கு அணைந்தால் பழுது போய்விட்டதா?

கேள்வி: சத்துவாச்சாரியில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒருவரிடம் 2021 மாடல் பி.எஸ். 6 பெட்ரோல் ஆட்டோ வாங்கி, காட்பாடி – பாகாயம் ஓட்டுகிறேன். நான்காம் நாளே மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. இழுவையும் குறைவு. சில நேரம் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்குகிறது. “பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுங்க, போயிடும்” என்கிறார் விற்றவர். போகிறது, இரண்டு நாளில் திரும்ப வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், காட்பாடி

பதில்: பேட்டரியைக் கழற்றினால் அழிவது ஈ.சி.யூ.வில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிந்த கோளாறு எண் மட்டும்தான். பழுது இருந்த இடத்திலேயே இருக்கும். உங்களிடம் விற்கும் முன்பும் இதே வேலை நடந்திருக்கலாம்.

முதலில் சிவப்பைக் கவனியுங்கள். மின்னழுத்தம் சரிந்தால் சென்சார்கள் தப்புக் கணக்குக் கொடுக்கும், அதனாலேயே மஞ்சளும் எரியும். பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் 12.5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். என்ஜினைச் சற்று முடுக்கினால் 13.5 முதல் 14.5. முடுக்கியும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை: ஆர்.ஆர். யூனிட் (சார்ஜைச் சீராக்கும் பெட்டி), ஸ்டேட்டர் காயில் (மின்சாரம் உண்டாக்கும் சுருள்), அல்லது இடையில் கருகிய கப்ளர் (ஒயர் இணைப்பு). 15-க்கு மேல் போனால் ஆர்.ஆர். யூனிட் போய்விட்டது, பேட்டரியும் சீக்கிரம் வேகும். பாகம் வாங்கும் முன் பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, ஒயரை மாட்டி இறுக்குங்கள். எர்த் ஒயர் சேசிஸில் சேரும் போல்ட்டையும் துருப்போகச் சுரண்டுங்கள். பல வண்டிகளில் கோளாறு இதோடு தீரும். என்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி சார்ஜ் பார்க்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். மின்னழுத்தம் எகிறி ஈ.சி.யூ.வே போய்விடும்.

பிறகும் மஞ்சள் எரிந்தால் மெக்கானிக்கிடம் ஸ்கேன் செய்து, ஈ.சி.யூ.வில் பதிந்த கோளாறு எண்ணைப் பாருங்கள். அதை அழிக்கும் முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் எந்த சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்லும், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்றல்ல. ஆக்சிஜன் சென்சார் என்று வந்தாலும் சைலன்சர் இணைப்பில் கசிவு, காற்று உறிஞ்சும் ரப்பர் குழாயில் வெடிப்பு, எலி கடித்த ஒயர், வாட்டர் வாஷில் நனைந்த கப்ளர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிளக்கும் ஏர் ஃபில்டரும் செலவு குறைவு. அவற்றை முதலில் பாருங்கள். மஞ்சள் விளக்கு விடாமல் மினுக்கினால் சவாரியை நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுக்கும். மாற்றினால் செலவு அதிகம்.

அடுத்த முறை வாங்கும்போது சாவி போட்டதும் மஞ்சள் விளக்கு எரிகிறதா, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பாருங்கள். சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் விளக்கின் இணைப்பை யாரோ துண்டித்திருக்கலாம்.

பணம் விஷயத்துக்கு வருவோம். பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் ஆட்டோ என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான். விற்றவருக்கு அதுவே தொழில் என்பதால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்; வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசலாம். அதற்கு முன் ஸ்கேன் படம், மெக்கானிக் பில், ரசீது மூன்றையும் இணைத்து அவருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பேட்டரியைக் கழற்றச் சொன்னது வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.