புகைபோக்கியோரம் ஒழுகல்: தார் பூசினால் போதுமா?

கேள்வி: கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். பனி உருகத் தொடங்கியதிலிருந்து, புகைபோக்கியை ஒட்டிய அறையின் உட்கூரையில் மஞ்சள் கறை படர்கிறது. கூரையேறிப் பார்த்தவர், “ஃபிளாஷிங் தகடு (கூரையும் புகைபோக்கியும் சேருமிடத்தை மூடும் உலோகத் தகடு) தூக்கியிருக்கிறது, தார் பூசிவிடலாம்” என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். தார் சில குளிர்காலங்களில் இறுகி வெடித்துவிடும். பிறகு வருபவர் அதைச் சுரண்டுவதற்கே தனிக் கூலி கேட்பார்.

கூரையும் செங்கல்லும் சேருமிடத்தில் தண்ணீரைத் தடுப்பது பசை அல்ல; ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும் தகடுகள். ஒவ்வொரு ஷிங்கிள் (கூரை வேயும் சிறு தகட்டுத் துண்டு) வரிசைக்கும் ‘எல்’ வடிவ அடித்தகடு ஒன்று இருக்கும். அவற்றின் மேல்விளிம்பை, செங்கல் இடைச் சாந்தில் செருகிய மூடுதகடு மறைக்கும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். பகலில் உருகி இரவில் உறையும் மார்ச் மாதத்தில், சாந்துப் பிளவில் புகுந்த நீர் மூடுதகட்டைச் சிறிது சிறிதாக நெம்பிவிடும்.

ஆனால் தகடுதான் காரணமா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். மழைக்கு ஒழுகாமல் பனி உருகும்போது மட்டும் ஒழுகினால், கூரையோரத்தில் பனிக்கட்டி தேங்கி நீர் பின்னேறுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து அட்டிக்கின் (கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட பரண்) வெப்பக்காப்பிலும் காற்றோட்டத்திலும் இருக்கிறது. உறைநிலை நீங்கிய நாளில் ஒருவர் டார்ச்சுடன் அட்டிக்கில் இருக்க, இன்னொருவர் குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, இடம் இடமாக விடட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து, ஓட்டை எங்கே என்று தெரியாமல் போகும்.

அடித்தகடுகள் துருப்பிடிக்காமல் இருந்தால் வேலை சிறியது. சாந்தை ஏறத்தாழ 25 மி.மீ. ஆழம் அறுத்து, மூடுதகட்டின் மடிப்பைச் செருகி இறுக்கி, பாலியூரிதேன் சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) இட வேண்டும். மூடுதகட்டின் கீழ்விளிம்பை அடைக்கக் கூடாது. உள்ளே நுழைந்த நீர் வெளியேறும் வழி அது. அடித்தகடு அரித்திருந்தால் ஷிங்கிளை எடுத்துத்தான் மாற்ற வேண்டும். கூரையும் புகைபோக்கியும் தனித்தனியே அசைபவை. ஆகவே அடித்தகட்டைக் கூரையில் மட்டும் ஆணியடிக்க வேண்டும், செங்கல்லில் அல்ல. பூச்சில்லாத அலுமினியத்தை ஈரச் சாந்து அரிக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். கூரைச்சரிவின் மேற்பக்கத்தை நோக்கிய புகைபோக்கிச் சுவர் 750 மி.மீ.க்கு மேல் அகலமானால், அதன் பின்னால் நீரை இருபுறமும் பிரிக்கும் சிறு கூரைமேடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிரில் ஷிங்கிள் நொறுங்கும். பல சீலண்டுகளும் 5 டிகிரிக்குக் கீழே சரியாக ஒட்டுவதில்லை. குளிர் விலகும்வரை தார்ப்பாய் போட்டுச் சமாளிக்கலாம். நீங்களே ஏற வேண்டாம். வேலைக்கு வருபவரிடம், பழைய தகட்டைக் கழற்றியதும் ஒரு படம், மூடுதகடு போடுமுன் ஒரு படம் கேளுங்கள். தயங்குபவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.